முன் டிஃப் லாக் போட்டு உறைபனியில் ஓட்டியபோது

எங்கள் ஃபோர்ஸ் கூர்க்கா வண்டியில் முன் இருக்கைகளுக்கு நடுவே இரண்டு சிறிய லீவர்கள் உண்டு. ஒன்று பின் ஆக்ஸிலின் டிஃபரன்ஷியலைப் பூட்டும். இன்னொன்று முன் ஆக்ஸிலுக்கு. ஓர் ஆக்ஸிலின் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் உருள விடும் பற்சக்கர அமைப்புதான் டிஃபரன்ஷியல். பூட்டினால், அதாவது டிஃப் லாக் போட்டால், இரண்டும் ஒன்றாகவே சுற்றும். முன்னும் பின்னும் டிஃப் லாக்கோடு கம்பெனியிலிருந்தே வரும் வண்டி நம் நாட்டில் அபூர்வம். ஃபோர்ஸ் கூர்க்காவை நாங்கள் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் தோட்டத்துக்குள் போகும் மண் பாதையில் முழங்கால் அளவுக்குச் சேறு நிற்கும். ஃபோர் லோவில் (நான்கு சக்கரமும் மெதுவாக, கூடுதல் விசையோடு இழுக்கும் கியர்) போட்டு, இரண்டு லீவரையும் இழுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராக மிதித்தால் போதும். மூட்டை ஏற்றிய வண்டி டிராக்டர் மாதிரி ஊர்ந்து மேலே வந்துவிடும். இரண்டு மழைக்காலம் இப்படி ஓட்டிய பிறகு, வழுக்குகிறது என்றால் கை தானாக அந்த லீவர்களுக்குப் போகும் அளவுக்குப் பழகிவிட்டது.

அந்தப் பழக்கத்தோடுதான் 2023 பிப்ரவரியில் நானும் தம்பியும் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிக்குப் போனோம். குளிர்காலத்தில் குன்சும் கணவாய் மூடிவிடுவதால் மணாலி வழி கிடையாது. சிம்லா, நார்கண்டா, ராம்பூர், கின்னோர் என்று சட்லஜ் ஆற்றோரமாகவே போய், காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு வந்து சேரும் முனையில் திரும்ப வேண்டும். டாபோ வரைக்கும் எந்தச் சிக்கலும் இல்லை. வெயில் படும் இடங்களில் தார் காய்ந்து கிடந்தது. நிழலான திருப்பங்களில் மட்டும் ஃபோர் ஹை (நான்கு சக்கர இழுவை, வழக்கமான வேகம்) போட்டு மெதுவாகக் கடந்தோம்.

டாபோவில் தங்கிய இரவு பனி கொட்டியது. காலையில் பார்த்தால் டயர் பாதி மறைந்திருக்கிறது. ஃபோர் லோவில் போட்டு எடுத்துப் பார்த்தேன், முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் சும்மா சுற்றின. பின் லாக்கை இழுத்தேன், ஓரடி நகர்ந்து நின்றது. முன் லாக்கையும் இழுத்தேன். பனியை நெஞ்சால் தள்ளிக்கொண்டு வண்டி நேராக வெளியே வந்தது. மொத்தமாக அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. விடுதிக்காரர் கையில் மண்வெட்டியோடு பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பெரிய திருப்தி. சிம்லாவில் வாங்கிய, டயரில் மாட்டும் ஒரு ஜோடிப் பனிச் சங்கிலி பின்னால் சாக்குப்பையிலேயே கிடந்தது. அதைப் பிரித்துப் பார்க்கக்கூட நினைக்கவில்லை.

டாபோவிலிருந்து, ஸ்பிதியின் முக்கிய ஊரான காசா போகும் சாலை ஆற்றை ஒட்டியே மேல்நோக்கிப் போகிறது. போகும்போது இடது கைப்பக்கம் ஆற்றுப் பள்ளம், வலது கைப்பக்கம் மலை. மலையிலிருந்து இறங்கும் நாலாக்கள் (ஓடைகள்) அங்கங்கே சாலையைக் குறுக்கே கடந்து ஆற்றில் விழும். கோடையில் அது வெறும் தண்ணீர். குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் சாலையின் மேலேயே உறையும். பகலில் கொஞ்சம் கசிந்து ஓடி இரவில் மறுபடி உறைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கு ஏறிக்கொண்டே போகும். நாங்கள் நின்ற இடத்தில் அப்படி ஒரு பாளம் பதினைந்து இருபது அடி நீளத்துக்கு, லேசான ஏற்றத்தில், சாலையை முழுவதும் மூடிக் கிடந்தது. மலையோரமாக மட்டும் ஒரு சக்கரம் போகும் அகலத்துக்குச் சரளைக்கல் தெரிந்தது. தண்ணீர் ஓடிய போக்கிலேயே உறைந்திருந்ததால் பாளம் ஆற்றுப் பக்கம் மெல்லச் சாய்ந்திருந்தது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சாய்வு.

தம்பி இறங்கி நடந்து பார்த்தான். நிற்கவே முடியவில்லை என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். நான் தோட்டத்தில் செய்வதையே செய்தேன். ஃபோர் லோ, முதல் கியர், இரண்டு லாக்கும். வலது சக்கரங்களைச் சரளையில் வைத்து, இடது சக்கரங்களைப் பாளத்தின் மேல் ஏற்றினேன்.

முதல் ஐந்தாறு அடி ஒழுங்காகப் போனது. அப்புறம் வண்டியின் மூக்கு இடது பக்கம் திரும்ப ஆரம்பித்தது. நான் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தேன், எந்த மாற்றமும் இல்லை. சக்கரங்கள் திரும்பியிருந்தன, ஆனால் வண்டி திரும்பவில்லை. சேற்றில் இப்படி ஆனால் இன்னும் கொஞ்சம் மிதிப்பேன், டயர் அடியில் இருக்கும் கெட்டி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். இங்கேயும் மிதித்தேன். நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் சுற்றின. அந்த நொடியிலேயே வண்டி மொத்தமாகப் பக்கவாட்டில் ஆற்றை நோக்கி நகர ஆரம்பித்தது. யாரோ கையை வைத்து நிதானமாகத் தள்ளுவதுபோல இருந்தது. வேகமே இல்லை. அதுதான் பயங்கரம். "அக்கா, மிதிக்காதக்கா! காலை எடு!" என்று தம்பி கத்தியது மட்டும் கேட்டது. காலை எடுத்தேன். இன்னும் ஓரடி வழுக்கி, சாலையோரம் நட்டு வைத்திருந்த கல்லில் முன் இடது டயர் முட்டி நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் ஆற்று மணல் வரைக்கும் செங்குத்தான சரிவு. கைப்பிரேக்கை இழுத்துவிட்டு எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

கால் மணி நேரத்தில் காசா பக்கமிருந்து ஒரு பிக்கப் வந்தது. ஓட்டி வந்தவர் உள்ளூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்து, டயர்களைக் குனிந்து பார்த்தார். "ரேஸ் மத் தோ, தீதி" என்றார் முதலில். ஆக்ஸிலரேட்டர் கொடுக்காதீர்கள் என்று அர்த்தம். அடுத்து, லாக் ஏதாவது போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். இரண்டும் என்றேன். எடுத்துவிடச் சொன்னார். லீவர்களை இறக்கினேன், டாஷ்போர்டில் பின் லாக்கின் விளக்கு அணைந்தது, முன் லாக்கின் விளக்கு அணையவில்லை. கல்லில் முட்டிய சக்கரத்துக்கும் சரளையில் கடித்துக்கொண்ட சக்கரத்துக்கும் நடுவே ஆக்ஸில் முறுக்கேறி நின்றிருந்தது. முறுக்கு இருக்கும்வரை பூட்டின் பற்கள் விடாது. அவரும் தம்பியும் சாலையோர மண்ணை அள்ளி நான்கு டயருக்கும் முன்னும் பின்னும் தூவிய பிறகு, ரிவர்ஸில் ஒரு சாண் மட்டும் எடுத்தேன். டக் என்று ஒரு சத்தம், விளக்கு அணைந்தது.

எங்கள் சங்கிலியை அவர்தான் முன் சக்கரங்களில் மாட்டினார். ஃபோர் லோ, இரண்டாம் கியர், லாக் எதுவும் இல்லை, ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லை. என்ஜின் தன் சோம்பல் வேகத்திலேயே இழுக்க, வண்டி மண் தூவிய பாளத்தின் மேல் ஏறி அந்தப் பக்கம் போய்விட்டது. அரை மணி நேரத்துக்கு முன் என்னைப் பள்ளத்து விளிம்பில் கொண்டுபோய் நிறுத்திய அதே பாளம். டீ குடிக்கப் பணம் கொடுத்தால் அவர் வாங்கவில்லை. காசாவில் இன்னொரு ஜோடிச் சங்கிலி வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு அன்று இரவு முழுவதும் தேவைப்பட்டது. டயர் தரையைப் பிடிக்கும் பிடிமானம் ஒரே கணக்கிலிருந்துதான் செலவாகிறது. முன்னே தள்ளுவதற்கும், பிரேக்கில் நிறுத்துவதற்கும், பக்கவாட்டில் வழுக்காமல் நிற்பதற்கும் அதே கையிருப்புதான். சுழன்றுவிட்ட சக்கரம் அந்தக் கையிருப்பை முழுக்கச் சுழற்சிக்கே செலவழித்துவிடுகிறது. பக்கவாட்டில் பிடிக்க அதனிடம் அநேகமாக எதுவும் மிஞ்சாது. கண்ணாடி மாதிரியான பனிக்கட்டியின் உராய்வு 0.1 அளவில் இருக்கும். காய்ந்த தாரில் அது 0.7 வாக்கில். உராய்வு 0.1 என்றால், பத்தடிக்கு ஓரடி சாய்வில் நிறுத்திய வண்டியே தானாக வழுக்கும். சக்கரங்கள் சுழன்றுகொண்டிருந்தால் நூறடிக்கு மூன்றடி சாய்வுகூடப் போதும். மழைநீர் வடிய எல்லாச் சாலைகளுக்குமே ஏறத்தாழ அந்தச் சாய்வு வைத்துத்தான் போடுகிறார்கள்.

பூட்டாத டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் சமமான விசையைத்தான் தரும். ஒன்று வழுக்கினால் அதற்கு எவ்வளவு குறைவாகத் தேவையோ அவ்வளவுதான் இன்னொன்றுக்கும் போகும். அதனால்தான் ஒரு சக்கரம் சுற்ற, மற்றது சும்மா நிற்கிறது. சேற்றில் மாட்டியவர்கள் எல்லோரும் இதைத்தான் குறை சொல்வோம். நானும் சொன்னவள்தான். ஆனால் பனிக்கட்டியின் மேல், சும்மா நிற்கும் அந்தச் சக்கரம்தான் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு சக்கரம் சுற்றும், வண்டி முன்னேறாது, ஆனால் சாலையில் நிற்கும். லாக் போட்டால் இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பிடிக்கும், ஒன்றாகவே விடும். விட்டுவிட்டால் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. பின் ஆக்ஸிலில் இது நடந்தால் வால் பள்ளத்தை நோக்கி இறங்கும், ஸ்டியரிங்காவது கையில் இருக்கும். முன் ஆக்ஸிலில் நடந்தால் அதுவும் போய்விடும்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வலது முன் சக்கரம் சரளையில், இடது முன் சக்கரம் பனிக்கட்டியில். லாக் போட்டதால் பிடித்த சக்கரத்துக்குத்தான் விசையெல்லாம் போனது. படகில் வலது துடுப்பை மட்டும் வலித்தால் மூக்கு இடப்பக்கம் திரும்பும் அல்லவா, அதேதான். மலையோரச் சரளையில் சக்கரத்தை வைத்தால் பத்திரம் என்று நினைத்தேன். அந்தச் சக்கரமே மூக்கைப் பள்ளத்துப் பக்கம் தள்ளிவிட்டது.

சேறு ஏன் இதைக் கற்றுத் தரவில்லை? எங்கள் தோட்டப் பாதையில் சக்கரத் தடம் ஓரடி ஆழத்துக்குப் பள்ளமாக விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்தின் இரண்டு கரையும் டயரைத் தண்டவாளம் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டுப் பிடிமானத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே வராது. டாபோவில் காலையில் லாக் அவ்வளவு அழகாக வேலை செய்ததும் இதனால்தான். ஆழமான புதுப்பனி, சமதளம், நேராக வெளியே வர வேண்டும். அங்கே அது சரியான கருவி. அரை மணி நேரம் கழித்து அதே லீவரை, சாய்ந்த உறைபனியில் இழுத்தது என் முடிவு. வண்டியைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

காசாவில் இரண்டு நாள் தங்கினோம். ஊருக்கு வெளியே ஆற்றுப் பக்கம் பனி இறுகிக் கிடந்த ஒரு சமதளம் இருந்தது. முட்டுவதற்கு எதுவும் இல்லாத இடம். அங்கே தம்பியை நிற்க வைத்து வட்டமடித்துப் பார்த்தேன். இதை எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்வேன்: புது ஊர்ப் பனியில் வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதை, விழுந்தாலும் அடிபடாத இடத்தில் அரை மணி நேரம் பழகாமல் மலைச்சாலையில் ஏறாதீர்கள்.

லாக் இல்லாமல் ஃபோர் லோவில், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஊர்ந்தால் வட்டத்தின் குறுக்களவு தம்பியின் காலடிக்குப் பதினெட்டு வந்தது. பின் லாக் போட்டதும் இருபத்தொன்று. முன் லாக்கும் சேர்ந்தபோது முப்பதைத் தாண்டிவிட்டது, அதுவும் ஒழுங்கான வட்டமாக இல்லை. கொஞ்ச தூரம் நேராக வழுக்கும், திடீரென்று பிடித்துத் திரும்பும், மறுபடி வழுக்கும். கொஞ்சம் மிதித்தால் வட்டமே இல்லை, ஸ்டியரிங் முழுக்க ஒடிந்த நிலையில் வண்டி நேராகப் போகிறது. காரணம் எளிது. வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி ஒன்றரை மீட்டர் என்று வைத்தால், ஒரு கொண்டை ஊசி வளைவில் வெளிச்சக்கரம் ஏறத்தாழ 4.7 மீட்டர் கூடுதலாக உருள வேண்டும். பூட்டிய ஆக்ஸிலில் அது முடியாது. அந்த 4.7 மீட்டரையும் ஏதாவது ஒரு டயர் வழுக்கித்தான் தீர்க்க வேண்டும். காய்ந்த தாரில் அப்படிச் செய்தால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், ஆக்ஸில் உடையக்கூடும். பனியில் எதுவும் உடையாது. ஆனால் எந்த டயர், எப்போது வழுக்கும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது.

இந்தப் பயிற்சி மறுநாளே உதவியது. காசாவிலிருந்து கீ மடாலயத்தைத் தாண்டிக் கிப்பருக்கு ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் வரும். ஒரு வளைவுக்கு முன் காற்று கொண்டுவந்து குவித்த பனி சாலையை மறித்தது. இரண்டு ஜோடிச் சங்கிலியும் மாட்டியிருந்தோம், ஆனாலும் அடிப்பகுதி பனியில் உட்கார்ந்துவிட்டது. நேர்ச்சாலை, சாய்வு இல்லை. முன் லாக்கைப் போட்டேன், வெளியே வந்தேன். வளைவு முப்பதடி தள்ளி இருந்தது. லீவரை இறக்கிவிட்டு அப்படியே போயிருப்பேன், தம்பிதான் பார்த்தான்: "விளக்கு எரியுதுக்கா." நின்று, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கொஞ்சம் ஆட்டி, ஒரு முழம் ரிவர்ஸ் எடுத்த பிறகுதான் அணைந்தது. கடுங்குளிரில் டிஃபரன்ஷியல் ஆயில் கெட்டிப்பட்டுவிடுவதால் பூட்டுவதும் சரி, விடுவதும் சரி, நம்மூரைவிடத் தாமதமாகிறது. லீவரை நம்பாமல் விளக்கை நம்பும் வழக்கம் அன்றிலிருந்து வந்தது. விளக்கு எரிந்துகொண்டிருக்க அந்த வளைவில் நுழைந்திருந்தால், முந்தைய நாள் சமதளத்தில் பார்த்த அதே நேர்க்கோட்டில் பள்ளத்துக்குப் போயிருப்போம்.

ஆயில் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கிளம்பும் முன் மெக்கானிக்கிடம் டிஃபரன்ஷியல் ஆயிலின் தரத்தைக் கேளுங்கள். 85டபிள்யூ என்று தொடங்குவது மைனஸ் 12 டிகிரி வரைக்கும்தான், 80டபிள்யூ மைனஸ் 26 வரைக்கும், 75டபிள்யூ மைனஸ் 40 வரைக்கும். காசாவில் பிப்ரவரி இரவுகளில் மைனஸ் 20 சாதாரணம். வண்டியின் கையேடு அனுமதிக்கும் தரங்களில் மெல்லியதைப் போட்டுக்கொண்டு போவது நல்லது. டீசலும் அப்படித்தான். சமவெளியில் நிரப்பிய டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். மேலே போகப் போக அந்தந்த ஊர் பங்க்கில் நிரப்பிக்கொண்டே போனோம், காலை வெயில் முதலில் விழும் இடமாகப் பார்த்து நிறுத்தினோம்.

இறக்கம்தான் எனக்கு இன்னும் மரியாதை கலந்த பயம். ஃபோர் வீல் டிரைவும் டிஃப் லாக்கும் வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்துவதற்குத் துளியும் உதவாது. மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும்போது பிரேக் அடித்தால், காய்ந்த தாரில் ஐந்து மீட்டரில் நிற்கலாம். 0.1 உராய்வுள்ள பனிக்கட்டியில் அதே வேகத்துக்கு 35 மீட்டர் வேண்டும். இரண்டு லாக்கும் போட்ட ஃபோர் லோவில் நான்கு சக்கரமும் ஒன்றோடொன்று கட்டுண்டு கிடக்கின்றன. ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக விட்டுப் பிடிக்கும் ஏபிஎஸ் அங்கே தன் வேலையைச் செய்ய முடியாது. முதல் கியரில் இறங்கினால் பத்திரம் என்ற எண்ணமும் பனிக்கட்டியில் பலிக்காது. ஃபோர் லோ முதல் கியரில் என்ஜின் சக்கரங்களை அளவுக்கு மீறி மெதுவாகப் பிடித்து வைக்கும். வண்டி அதைவிட வேகமாக இறங்க முயலும்போது டயர்கள் உருளாமல் வழுக்க ஆரம்பிக்கும், பிரேக் அடித்த மாதிரியே. இரண்டாம் கியரில் இறங்கினேன். வழுக்குவது தெரிந்தால், பயமாக இருந்தாலும் ஆக்ஸிலரேட்டரை ஒரு நூல் அளவு தொட்டு, சக்கரங்களை மறுபடி உருள விட்டேன். உருளும் சக்கரம்தான் திரும்பும். முன் லாக் போட்டுக்கொண்டு இறங்குவதை நான் எந்தச் சூழ்நிலையிலும் செய்ய மாட்டேன்.

மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி வைத்திருப்பவர்கள், முன் லாக் இல்லையே என்று ஏங்குவதைக் கேட்டிருக்கிறேன். தாரின் சில மாடல்களில் பின் டிஃபரன்ஷியல் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஜிம்னியில் சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, விசையை மற்றதற்கு அனுப்புகிறார்கள். பனிச்சாலைக்கு இந்தப் பிரேக் முறை பழிக்கத்தக்கது அல்ல. ஒரு சக்கரத்தை அடக்கும்போது மற்றது வேறு வேகத்தில் உருள முடிகிறது, ஸ்டியரிங் உயிரோடு இருக்கிறது. பனிக்காகவே செலவு செய்வதென்றால் அந்தப் பணத்தை நான் நல்ல டயருக்கும் நான்கு சங்கிலிக்கும்தான் போடுவேன். ஒரு ஜோடி மட்டும் இருந்து அதை முன்னால் மாட்டினால் இறக்கத்தில் வால் சுற்றிக்கொண்டு முன்னே வரப் பார்க்கும். பின்னால் மாட்டினால் மூக்கு திரும்பாது. ஆகவே நான்கு.

வெளியிலிருந்து லாக்கர் வாங்கி முன் ஆக்ஸிலில் போட நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவற்றில் இரண்டு வகை உண்டு. காற்றாலோ மின்சாரத்தாலோ நாம் வேண்டும்போது பூட்டுவது ஒன்று. எப்போதும் பூட்டியே இருந்து, வளைவில் வேகமாக உருளும் சக்கரத்தை மட்டும் தானாக விடுவிப்பது இன்னொன்று. இரண்டாவது விலை குறைவு, பாறைப் பாதையில் நன்றாக உழைக்கும். ஆனால் அதற்கு விசைதான் கட்டளை. வளைவில் மிதித்தபடி போனால் உள்சக்கரம் மட்டும் இழுத்து மூக்கை வெளிப்பக்கம் தள்ளும். காலை எடுத்த நொடியில் என்ஜின் பிரேக் வெளிச்சக்கரத்துக்கு மாறும். தார்ச்சாலையில் அது ஸ்டியரிங்கில் ஓர் இழுப்பாகத் தெரியும், கையால் சமாளிக்கலாம். உறைபனியில் அந்த இழுப்பே வண்டியைத் திருப்பப் போதும். குளிர்காலத்தில் மலைக்குப் போகும் வண்டியின் முன் ஆக்ஸிலில், அணைத்து வைக்க முடியாத லாக்கரைப் போடாதீர்கள். ஃபோர் வீலை எடுத்து டூ வீலில் ஓட்டும்போது அது பெரும்பாலும் தொந்தரவு தராது என்பது உண்மைதான், முன் ஆக்ஸிலுக்கு அப்போது விசையே போவதில்லை. ஆனால் ஃபோர் வீல் தேவைப்படுகிற சாலையே பனிச்சாலைதான் அல்லவா?

இப்போது பனியில் முன் லாக்கைத் தொடும் முன் மூன்று விஷயம் பார்க்கிறேன். தரை எந்தப் பக்கமாவது சாய்கிறதா? நேராகவே போய் முடியுமா? மாட்டியிருப்பது ஆழமான பனியா, வழுக்கும் கட்டியா? சாய்வு இல்லாமல், நேராக, ஆழப் பனியாக இருந்தால் மட்டும் லீவர் மேலே வரும். அதுவும் பின் லாக்கை மட்டும் போட்டுப் பார்த்து, சங்கிலியையும் மண்வெட்டியையும் பயன்படுத்திப் பார்த்து, எதுவும் உதவாத பிறகு. போடுவது நின்ற நிலையில், போட்ட பிறகு மிதிப்பது மெதுவாக. சக்கரம் சுழன்றால் உடனே காலை எடுக்கிறேன். வெளியே வந்ததும் அந்த இடத்திலேயே எடுத்துவிட்டு, விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகுதான் அடுத்த அடி.

திரும்பும் வழியில் அந்த நாலா மறுபடியும் வந்தது. இரவில் இன்னொரு அடுக்கு ஏறியிருந்தது, நாங்கள் தூவிய மண் பனிக்கட்டிக்குள் கறுப்பாகத் தெரிந்தது. இந்தத் தடவை அது இறக்கம். காலை பத்து மணிக்கே போயிருந்தும் வெயில் வரட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தோம். நான்கு சக்கரத்திலும் சங்கிலி, ஒரு சாக்கு மண் தூவியாயிற்று, லீவர் இரண்டும் கீழே, ஃபோர் லோ, இரண்டாம் கியர். இரண்டு பக்கச் சக்கரமும் மண் தூவிய பாளத்தின் மேலேயே இருக்குமாறு நடுவில் எடுத்தேன், சரளைப் பக்கம் போகவில்லை. தம்பி முன்னால் நடந்தபடி கையைக் காட்டிக்கொண்டே வந்தான். நடுவில் முன் இடது சக்கரம் ஒரு முறை லேசாக நழுவியது, வலது சக்கரம் பிடித்துக்கொண்டது. கீழே வந்து நிறுத்தியதும் அவன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, "டாபோல டீ குடிச்சிட்டுப் போலாம்க்கா" என்றான்.